தலைமறைவிலிருந்து ஒரு திருச்சபையை நடத்துதல்: கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானின் நெருக்கடிக்கால மடல்கள் (கி.பி. 250–251)

ஆய்வுச் சுருக்கம்

உரோமைப் பேரரசர் தேசியுஸ் பிறப்பித்த பலியாணை கி.பி. 250-இல் வட ஆப்பிரிக்கத் திருச்சபையை நிலைகுலையச் செய்தது. அக்காலத்தில் கார்த்தேஜ் நகரின் ஆயராக இருந்த சிப்ரியான் ஓராண்டுக்கும் மேலாகத் தலைமறைவாக இருந்து, மடல்களின் வழியே தம் சபையை நடத்தினார். அம்மடல்கள் என்ன கூறின என்பதோடு, யாருக்கு எழுதப்பட்டன, யார் முன் படிக்கப்பட்டன, எவ்வாறு படியெடுத்துப் பகிரப்பட்டன என்பவற்றையும் சேர்த்து நோக்கும்போதுதான் அவருடைய தலைமையின் இயல்பு புலனாகிறது. முடிவை ஒத்திவைத்த ஒரு தலைவர் அந்த ஒத்திவைப்பைச் சபையார் ஏற்கும்படி செய்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் மையவினா.

திறவுச்சொற்கள்: சிப்ரியான், கார்த்தேஜ், தேசியுஸ், வழுவியோர், சமாதானச் சீட்டு, ஆயர் மடல், திருச்சபைத் தலைமை.

முன்னுரை

கடிதத்தைக் குறிக்கத் தமிழில் ‘திருமுகம்’ என்றொரு சொல் உண்டு. அரசாணை, இறைவன் விடுத்த ஓலை என்னும் பொருள்களில் வழங்கிவந்த இச்சொல்லைத் தமிழ்க் கத்தோலிக்கர் விவிலிய மடல்களுக்கு உரியதாக்கிக் கொண்டனர். எழுதியவர் எதிரில் இல்லாதபோது அவருடைய முகமாக நிற்பது ஓலை என்னும் கருத்து இச்சொல்லில் அடங்கியுள்ளது. முகம் காட்ட இயலாத ஒரு தலைவரின் ஓலை அவருடைய முகமாக எந்த அளவுக்கு நிற்கும் என்ற வினாவுக்கு வரலாற்றில் கிடைக்கும் விரிவான சான்றுகளுள் சிப்ரியானின் மடல் தொகுப்பும் ஒன்று.

இன்றைய பதிப்புகளின் எண்ணுமுறையில் இத்தொகுப்பு 81 மடல்களைக் கொண்டது. சிப்ரியான் எழுதியவற்றோடு, அவருக்கும் கார்த்தேஜ் குருக்களுக்கும் பிறர் எழுதியனவும் இதில் இடம்பெற்றுள்ளன. பாராட்டு, பழிப்பு, ஐயம், மிரட்டல் ஆகிய அனைத்தும் ஒரே தொகுப்பில் இருப்பதால் ஒரு நெருக்கடியைப் பல பக்கங்களிலிருந்தும் காணும் வாய்ப்பு ஆய்வாளருக்குக் கிடைக்கிறது. ஜி. டபிள்யூ. கிளார்க் 1984 முதல் 1989 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் உரையும் இம்மடல்களின் காலவரிசையை ஆராய்வோருக்குப் பெருந்துணையாக உள்ளன.

சிப்ரியானின் திருச்சபைக் கோட்பாடு குறித்த ஆய்வுகள் பல. திருச்சபையின் ஒருமை, ஆயர்களின் அதிகாரம், உரோமை ஆயரின் முதன்மை ஆகியவையே அவற்றுள் பெரிதும் பேசப்பட்டன. ஒரு நகரச் சபையின் அன்றாட நிருவாகி என்ற முறையில் அவர் செய்தவை ஒப்பளவில் குறைவாகவே கவனம் பெற்றுள்ளன. கோட்பாடு பிறந்த இடம் அந்த நிருவாகமே என்பதால் அதனைத் தனித்து நோக்குவது தேவையாகிறது.

பலியாணையும் அதன் விளைவும்

சிப்ரியான் பிறப்பால் கிறித்தவர் அல்லர். அணியிலக்கணம் கற்பித்த செல்வர். ஏறத்தாழ 246-இல் திருமுழுக்குப் பெற்று, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மக்கள் அவரை விரும்பினர். ஆனால் நீண்டகாலம் பணியாற்றிவந்த மூப்பர்களுள் ஐவர் அத்தேர்வை எதிர்த்தனர். இந்தப் பழைய பகை பின்னால் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

தேசியுஸின் ஆணை பேரரசின் குடிகள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்றது. பலியிட்டோர் அதற்கென அமைந்த குழுவின் முன் அதனை மெய்ப்பித்துச் சான்றோலை பெற வேண்டும். எகிப்தில் இத்தகைய பாப்பிரஸ் சான்றோலைகள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. கிறித்தவரை ஒழிப்பதே ஆணையின் நோக்கம் என்று கூறுவதற்கு இவ்வோலைகள் இடந்தரவில்லை. எனினும் அதன் சுமை கிறித்தவர்மீதே பெரிதும் விழுந்தது.

கார்த்தேஜில் விழுந்தவர்கள் பலர். சிலர் அழைப்பு வருமுன்பே தாமாக மன்றத்துக்கு ஓடினர் என்றும், பொழுது சாய்ந்துவிட்டதால் அலுவலர்கள் மறுநாள் வரச்சொல்லியும் காத்திருக்க மனமின்றி மன்றாடினர் என்றும் ‘வழுவியோர்’ என்னும் நூலில் சிப்ரியான் வேதனையுடன் எழுதுகிறார். பலியிட்டோர், சாம்பிராணி மட்டும் இட்டோர், பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சான்றோலை பெற்றோர் என வழுவியோர் பலதிறப்பட்டனர். மறுத்தவர்கள் சிறைப்பட்டனர், சிலர் அங்கேயே மாண்டனர். சிறையிலிருந்து உயிரோடு சான்று பகர்ந்தவர்கள் ‘சான்றுரைத்தோர்’ எனச் சிறப்புப் பெயர் பெற்றனர்.

விலகிச் சென்ற ஆயர்

ஆணை வந்தவுடன் சிப்ரியான் நகரைவிட்டு விலகினார். அவருடைய சொத்துக்கள் பறிமுதல் செய்யப்பட்டன. சிங்கத்துக்கு இரையாக்குமாறு மக்கள்திரள் அவர் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டது என்றும், தாம் அங்கிருப்பது கலகத்தை மிகுவிக்கும் என்று கருதியே விலகியதாகவும் அவர் பின்னர் விளக்கினார். இதே வேளையில் உரோமை ஆயர் பபியான் 250 சனவரி 20-இல் உயிரை ஈந்தார். ஒப்பீடு தவிர்க்க இயலாததாயிற்று.

உரோமைக் குருக்கள் கார்த்தேஜ் குருக்களுக்கு எழுதிய மடல் (மடல் 8) இந்த ஒப்பீட்டை வெளிப்படையாகவே செய்கிறது. யோவான் நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் ஓநாயைக் கண்டு ஓடும் கூலிக்கு மேய்ப்பவரை நினைவூட்டி, ஆயரில்லா மந்தையைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது என்று அம்மடல் அறிவுறுத்தியது. எழுதியவர் பெயரோ பெறுநர் பெயரோ அதில் இல்லை. அது சிப்ரியானின் கைக்கே வந்து சேர்ந்தது.

அதற்கு அவர் தந்த மறுமொழி (மடல் 9) நயமானது. பபியானின் சாவைப் போற்றியபின், பெயரில்லாத ஓலை ஒன்று வந்துள்ளதென்றும், அதன் எழுத்தும் கருத்தும் ஏடும் தமக்கு ஐயம் தருவதால் இடையில் யாரேனும் கைவைத்தனரா என்று பார்த்துச் சொல்லுமாறும் கேட்டு, அந்த மூலத்தையே திருப்பி அனுப்பினார். பழிப்புக்கு எதிர்ப்பழிப்பு அதில் இல்லை. உங்கள் சொல் உங்களுடையதுதானா என்ற வினா மட்டுமே இருந்தது. இதில் குத்தல் இல்லை என்று கூற முடியாது. ஆயினும் மெய்யான ஓலை எது, போலி எது என்று தெரியாத காலத்தில் இக்கேள்வி வெறும் நாவன்மையும் அன்று.

இன்னும் கருதத்தக்கது, அந்தப் பகைமடலிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட ஒன்றாகும். நோயுற்றுச் சாகும் தறுவாயில் மனம் வருந்தும் வழுவியோருக்கு உதவலாம் என்று உரோமைக் குருக்கள் அதே மடலில் எழுதியிருந்தனர். பின்னர் அவர்களுக்கு எழுதிய விளக்கத்தில் (மடல் 20) இக்கருத்தோடு தாம் ஒத்துநின்றதாகச் சிப்ரியான் குறிப்பிடுகிறார். தம்மை இகழ்ந்த ஏட்டில் சபைக்குப் பயன்படுவது இருக்குமாயின் அதனை எடுத்தாள அவர் தயங்கவில்லை.

சிறையிலிருந்து வந்த சீட்டுகள்

மறைச்சாட்சியரின் பரிந்துரைக்கு ஆப்பிரிக்கச் சபையில் பெருமதிப்பு இருந்தது. சாவை எதிர்நோக்கியவர்கள் வழுவியோருக்காக ஆயரிடம் சீட்டு எழுதிக் கொடுப்பது பழைய வழக்கம். 250-இல் அது பெருவெள்ளமாயிற்று. சீட்டுடன் வந்தோரை எந்த ஆராய்வும் இன்றி மூப்பர் சிலர் நற்கருணையில் சேர்த்துக்கொண்டனர்.

சீட்டுகளின் சொல்லமைப்பே சிக்கலைப் பெரிதாக்கியது. ஒருவர் பெயரைச் சொல்லி, அவரைத் ‘தம்மவரோடு’ சேர்த்துக்கொள்க என்று சில சீட்டுகள் கூறின. ‘தம்மவர்’ என்றால் யார்? மனைவி மக்களா, சுற்றமா, பணியாளரா, விடுதலை பெற்ற அடிமைகளா? இப்படி எழுதினால் ஒரு சீட்டைக் காட்டி இருபது முப்பது பேர், அதற்கு மேலும்கூட, வந்து நிற்பார்கள் என்று சிப்ரியான் சான்றுரைத்தோருக்குச் சுட்டிக்காட்டினார் (மடல் 15). நீங்கள் கண்டறிந்த, நீங்கள் மனவருத்தத்தைச் சோதித்த ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே எழுதுங்கள் என்று வேண்டினார்.

பரிந்துரை ஓலை என்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. பதினோராம் திருமுறையின் முதற்பகுதியான திருமுகப் பாசுரம், பாணபத்திரர் என்னும் ஒரே ஒருவருக்காக ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு விடுத்த ஓலையாகப் போற்றப்படுகிறது. அனுப்பியவர், கொண்டு செல்பவர், பெறுபவர் மூவரும் அதில் ஐயத்துக்கு இடமின்றி விளங்குகின்றனர். கார்த்தேஜின் சீட்டுகளில் இந்த மூன்றும் கலங்கிப்போயின. இறுதியில் லூசியான் என்னும் சான்றுரைத்தவர், தம்மவர் அனைவர் பெயராலும் வழுவியோர் எல்லாருக்கும் சமாதானம் வழங்கியாயிற்று என்றும், இதனைப் பிற ஆயர்களுக்கும் அறிவித்துவிடுக என்றும் ஆயருக்கே எழுதினார் (மடல் 23). சில வரிகளே கொண்ட அந்த ஓலை, சபையில் முடிவெடுப்பவர் யார் என்ற வினாவைத் தீர்த்துவிடப் பார்த்தது.

ஒரே பொருள், மூன்று மடல்கள்

சீட்டுச் சிக்கல் தொடர்பாக ஏறத்தாழ ஒரே வேளையில் சிப்ரியான் மூன்று மடல்கள் எழுதினார். சான்றுரைத்தோருக்கு ஒன்று (15), மூப்பர்க்கும் திருத்தொண்டர்க்கும் ஒன்று (16), பொதுமக்களுக்கு ஒன்று (17). கூறும் முடிவு மூன்றிலும் ஒன்றே: துன்புறுத்தல் ஓய்ந்தபின் ஆயர்கள், குருக்கள், சான்றுரைத்தோர், நிலைத்துநின்ற மக்கள் ஆகிய அனைவரும் கூடி ஒவ்வொருவர் நிலையையும் ஆராய்வோம், அதுவரை பொறுத்திருங்கள். கூறும் முறையோ மூன்றிலும் வேறு.

சான்றுரைத்தோரிடம் அவர் மதிப்புடன் பேசுகிறார். பிழை அவர்களுடையதன்று, அவர்களுக்கு நெறி எடுத்துரைக்க வேண்டிய மூப்பர்கள் கடமை தவறினர் என்கிறார். சிறையில் உள்ளவர்களைக் கண்டித்திருந்தால் மக்களின் பரிவு முழுதும் அவர்கள் பக்கம் சென்றிருக்கும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

குருக்களுக்கான மடல் கடுமையானது. நெடுநாள் பொறுத்து வாய்திறவாதிருந்தேன், இனி இயலாது என்று தொடங்கும் அம்மடல், இதே செயலைத் தொடர்வோர் பலி ஒப்புக்கொடுப்பதிலிருந்து தடுக்கப்படுவர் என எச்சரிக்கிறது. எனினும் அவர்களுடைய வழக்கும் பின்னர்ப் பொதுமன்றில், சான்றுரைத்தோரும் மக்களும் கேட்க, விசாரிக்கப்படும் என்றே கூறப்படுகிறது. தண்டனையை அறிவிக்கும் இடத்திலும் இறுதித் தீர்ப்பைத் தம் கையில் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

மக்களுக்கு எழுதிய மடலில் துயரமே மேலோங்கியுள்ளது. விழுந்தவர்கள் யாரோ அல்லர். கேட்டுக்கொண்டிருப்போரின் உடன்பிறந்தார், பெற்றோர், பிள்ளைகள். அவர்களை அறிவுரையால் அமைதிப்படுத்துமாறு நிலைத்துநின்றோரிடம் அவர் வேண்டுகிறார்.

ஒரே செய்தியைக் கேட்பவர்க்கேற்ப மாற்றிச் சொல்வது அணியிலக்கண ஆசிரியர் ஒருவருக்கு எளிது. இரட்டை நாக்கு என்ற பழிக்கு இடந்தருவதும் அதுவே. ஆனால் குருக்களுக்கும் சான்றுரைத்தோருக்கும் தாம் எழுதிய இரு மடல்களையும் மக்கள் முன்னிலையில் படிக்குமாறு பணித்துள்ளதாக மூன்றாம் மடலிலேயே சிப்ரியான் தெரிவிக்கிறார். மூன்று தரப்பிடம் மூன்று தொனியில் பேசியவர், அம்மூன்றையும் ஒரே மன்றில் ஒலிக்கச் செய்தார். குருக்களைத் தாம் கடிந்துகொண்டதை மக்கள் கேட்டனர். சான்றுரைத்தோரைத் தாம் மதித்ததைக் குருக்கள் கேட்டனர். தனித்தனிப் பேச்சுகளால் சபை பிளவுபட்டுக்கொண்டிருந்த வேளையில் இது சிறிய ஏற்பாடாகத் தோன்றலாம். இம்மடல்களின் வலிமை அவற்றின் சொல்லழகைவிட இந்த ஏற்பாட்டில்தான் மிகுதியாக உள்ளது.

காத்திருங்கள் என்று சொன்னவர், காத்திருக்க முடியாதவர்களையும் மறக்கவில்லை. கோடை தொடங்கிவிட்டது, நோய் மிகும் பருவம் இது என்று காரணம் காட்டி, மறைச்சாட்சியரின் சீட்டுப் பெற்றவர்கள் உயிருக்கு ஊசலாடினால் அருகிலுள்ள மூப்பரோ, மூப்பர் இல்லையெனில் திருத்தொண்டரோ அவர்கள்மேல் கைகளை வைத்துச் சமாதானம் வழங்கலாம் என்று ஆணையிட்டார் (மடல் 18). பருவநிலையைப் பார்த்து விதிவிலக்கு அளித்த இந்த மடல், கண்டிப்பானவர் என்ற அவருடைய பெயருக்கு முழுதும் பொருந்துவதன்று.

படிகளும் தூதரும்

உரோமைக் குருக்களின் ஐயத்தைப் போக்கச் சிப்ரியான் கையாண்ட வழி, தாம் எழுதிய 13 மடல்களின் படிகளை அவர்களுக்கு அனுப்பியதே (மடல் 20). நான் ஓடிவிட்டேன் என்கிறீர்கள். இதோ, ஓடியவன் செய்தவற்றைப் படித்துப் பாருங்கள் என்பது அதன் உட்பொருள். பலியிட்டுப் பின்னர் மனந்திரும்பி நாடுகடத்தப்பட்டவர்கள் குறித்துக் கல்தோனியுஸ் என்னும் ஆயர் ஐயம் கேட்டபோதும், மறுமொழியுடன் ஐந்து மடல்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றை இணைத்து, அதனைப் பிற ஆயர்களுக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொண்டார் (மடல் 25). இவ்வாறு ஒரு நகரத்துக்கென எழுதிய மடல் ஒரு மாநிலத்தின் பொதுவழக்காக வளர்ந்தது.

வழுவியோர் சிலர் தாங்களே திருச்சபை என்பதுபோல் கையெழுத்தின்றி எழுதியபோது, எழுதியவர் அனைவர் பெயரையும் தருமாறு கேட்டார் (மடல் 33). பெயரில்லா ஓலைக்கு உரோமையாயினும் கார்த்தேஜாயினும் அவர் தந்த மறுமொழி ஒன்றே. பின்னாளில் எதிர் ஆயர்கள் தோன்றியபோது, ஆப்பிரிக்காவில் முறையாகப் பணியாற்றும் ஆயர்களின் பெயர்ப்பட்டியலையே உரோமை ஆயர் கொர்னேலியுஸுக்கு அவர் அனுப்பியிருந்தார் (மடல் 59). யாருடைய மடலை ஏற்பது என்ற குழப்பம் அதனால் குறைந்தது.

அன்றாடக் கவலைகளும் இம்மடல்களில் நிறைந்துள்ளன. சிறைக்குக் கூட்டமாகச் செல்ல வேண்டா. மூப்பர் ஒருவர் திருத்தொண்டர் ஒருவருடன் முறைவைத்துச் செல்லட்டும், ஆள் மாறிமாறி வந்தால் ஐயம் எழாது என்று ஒரு மடல் (5) கூறுகிறது. சிறையில் இறப்போரின் நாளைக் குறித்துவைக்குமாறு இன்னொன்று (12) பணிக்கிறது. ரொகாசியான் என்னும் மூப்பரிடம் தாம் விட்டுவந்த சொந்தப் பணத்திலிருந்து கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் அயலூர் ஏழைகளுக்கும் கொடுக்கச் சொல்லி, போதாதென்று மேலும் ஒரு பகுதியைப் பீடத்துணைவர் ஒருவர் கையில் அனுப்பினார் (7). ஆயர் மறைந்திருந்தாலும் அவருடைய பணம் மறைந்திருக்கவில்லை. மக்கள் அவரை மறவாதிருந்ததற்கு இறையியல் மட்டுமே காரணமன்று போலும்.

கலந்தாய்வு என்னும் வாக்குறுதி

மூப்பர் நால்வர் தமக்கு எழுதியதற்கு மறுமொழியாக, ஆயர் பொறுப்பின் தொடக்கத்திலிருந்தே குருக்களின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இன்றித் தம் விருப்பப்படி எதுவும் செய்வதில்லை என உறுதிபூண்டுள்ளதாகவும், எனவே தனியே விடையளிக்க இயலவில்லை என்றும் சிப்ரியான் எழுதினார் (மடல் 14). அவரை மக்களாட்சி உணர்வுடைய ஆயராகக் காட்ட விரும்புவோர் அடிக்கடி எடுத்தாளும் பகுதி இது.

ஆனால் தொகுப்பில் இதற்கு மாறான சான்றுகளும் உள்ளன. உரோமைக்கு மடல் கொண்டுசெல்லக் குருக்கூட்டத்தைச் சேர்ந்தவரே தேவை என்பதாலும் ஆள் பற்றாக்குறையாலும் ஒருவரை வாசகராகவும் மற்றொருவரைத் துணைத் திருத்தொண்டராகவும் தாமே அமர்த்தினார் (மடல் 29). அவர்கள் முன்பே பொதுவில் ஆராயப்பட்டவர்கள் என்று விளக்கம் தந்தார். இருமுறை சான்று பகர்ந்த அவுரேலியுஸ் என்னும் இளைஞரை வாசகராக்கியபோது அந்த விளக்கமும் இல்லை. பொதுவாக உங்களைக் கலந்தே செய்வேன். இறைவனே வாக்களித்தபின் மனிதர் சான்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றார் (மடல் 38). கலந்தாய்வு என்னும் கொள்கை வழுவியோருக்குச் சமாதானம் வழங்குவதைத் தள்ளிவைக்கப் பயன்பட்டது; தமக்கு வேண்டியவர்களைப் பணியில் அமர்த்துவதைத் தடுக்கவில்லை. எதிரணியினர் இதனைக் கவனிக்காதிருந்திருப்பர் என்று கருதுவது கடினம். சான்றுரைத்தோரைக் குருக்கூட்டத்துள் கொணர்ந்து அவர்களுடைய செல்வாக்கைத் தம் பக்கம் திருப்பும் நோக்கமும் இவ்வமர்வுகளில் இருந்தது எனலாம்.

அவருடைய மௌனமும் குறைகூறத்தக்கது. நெடுநாள் பேசாதிருந்தேன் என்று அவரே 16-ஆம் மடலில் ஒப்புகிறார். அந்த இடைவெளியில்தான் சீட்டுகள் பெருகின. தலைமறைவில் உள்ளவருக்குச் செய்தி தாமதமாகவே வரும் என்பது உண்மை. எனினும் சிறையும் ஏழைகளும் பற்றி எழுதிய தொடக்க மடல்களில் வழுவியோரின் எதிர்காலம் குறித்துத் தெளிவான சொல் இல்லை. சொல்லப்படாத இடத்தைப் பிறர் நிரப்பினர்.

250-இன் பிற்பகுதியில் பெலிசிசிமுஸ் என்பவர் தலைமையில் எதிர்ப்பு வெளிப்பட்டது. உதவிப்பணம் பகிரவும் பெறுவோரின் நிலையை அறியவும் சிப்ரியான் அனுப்பிய குழுவினரிடம் உதவி பெறுவோர் தம்மோடு உறவு கொள்ள முடியாது என்று அவர் அச்சுறுத்தினார் (மடல் 41). பழைய ஐந்து மூப்பர்களும் அவர் பக்கம் நின்றனர். 251 பாஸ்கா விழாவுக்குக்கூடச் சிப்ரியானால் திரும்ப இயலவில்லை.

ஆயர் மன்றமும் நிலைப்பாட்டு மாற்றமும்

பாஸ்காவுக்குப் பின் அவர் திரும்பினார். 251-இல் கார்த்தேஜில் ஆயர் மன்றம் கூடியது. காத்திருங்கள் என்ற சொல் வெறும் சாக்கு அன்று என்பது அப்போது மெய்ப்பட்டது. இருபக்கச் சார்பான மறைநூற் பகுதிகளும் நெடுநேரம் எடுத்துரைக்கப்பட்டன. பலியிடாது சான்றோலை மட்டும் பெற்றவர்களைத் தனித்தனியே ஆராய்ந்து சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் தவமுயற்சியில் நீடிக்க வேண்டும், சாவு நெருங்கினால் அவர்களுக்குச் சமாதானம் உண்டு என்பது முடிவு.

இம்முடிவின் காரணங்களை அந்தோனியான் என்னும் ஆயருக்கு எழுதிய நீண்ட மடல் (55) விளக்குகிறது. அழைத்தவுடன் மகிழ்ந்து ஓடிப் பலியிட்டவரும் நெடுநேரம் போராடித் தோற்றவரும் ஒன்றல்லர். தம்மையும் தம் வீட்டார் அனைவரையும் காட்டிக்கொடுத்தவரும், தாம் ஒருவர் முன்சென்று மனைவி மக்களையும் குடியிருப்போரையும் காத்தவரும் ஒன்றல்லர். ‘வழுவியோர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டவர்களை அவர் இங்கு மீண்டும் தனி மனிதர்களாகப் பிரித்துக் காண்கிறார். சீட்டில் தனித்தனிப் பெயர் கேட்டவரின் அதே மனப்போக்கு இது.

அந்தோனியானின் ஐயம் வேறொன்று: முன்பு கண்டிப்பாக இருந்த சிப்ரியான் இப்போது ஏன் இளகினார்? இதனை அவர் மறைக்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோது வீரர்களை எழுப்ப வேண்டியிருந்தது. போர் ஓய்ந்தபின் காயம்பட்டோரைப் பேண வேண்டியுள்ளது. இந்த மாற்றம் தனியொருவர் மனமாற்றமன்று, மன்றத்தின் ஆய்வால் விளைந்தது என்று காலமுறைப்படி எடுத்துரைத்தார். அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் புதிய துன்புறுத்தலின் அச்சம் எழுந்தபோது, தவமுயற்சியில் நிலைத்திருந்த அனைவரையும் சேர்த்துக்கொள்ள ஆப்பிரிக்க ஆயர்கள் முடிவுசெய்தனர். அவ்வறிவிப்பு (மடல் 57) பங்கேற்ற ஆயர்களின் பெயர்களோடு உரோமைக்குச் சென்றது. இடையில், சிப்ரியானை ஆதரித்து உரோமைக் குருக்கள் பெயரால் முன்பு மடல் எழுதிக்கொடுத்த நொவாசியான், வழுவியோருக்கு மன்னிப்பே கூடாது என்று கூறிப் பிரிந்துபோனது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கொள்ளைநோயும் கடைசி மடலும்

துன்புறுத்தலைத் தொடர்ந்து கொள்ளைநோய் வந்தது. பிற்காலத்தார் அதனைச் சிப்ரியானின் பெயராலேயே வழங்குகின்றனர். இம்முறை அவர் நகரில் இருந்தார். மக்களைக் கூட்டி, கிறித்தவரை மட்டுமன்றிப் பிறரையும் பேணுமாறு அறிவுறுத்தினார் என்றும், அவரவர் நிலைக்கேற்பப் பணிகள் பகிரப்பட்டன என்றும், பொருளில்லாதோர் உழைப்பைத் தந்தனர் என்றும் அவருடைய வரலாற்றை எழுதிய பொந்தியுஸ் கூறுகிறார். நுமீதியாவில் கொள்ளையர் பிடித்துச் சென்றோரை மீட்கத் திரட்டிய 1,00,000 செஸ்தெர்சு நாணயத் தொகையோடு கொடையாளர் பெயர்களையும் வேண்டுதலுக்காக இணைத்தனுப்பியது (மடல் 62) முன்னர்க் கண்ட வழக்கத்தின் தொடர்ச்சியே.

பேரரசர் வலேரியானின் ஆணைப்படி 257 ஆகத்து 30-இல் ஆளுநர் முன் நின்றபோது, மூப்பர்களின் பெயர்களைத் தருமாறு கேட்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் பெயர் கேட்ட சிப்ரியான் அன்று ஒரு பெயரும் தரவில்லை. காட்டிக்கொடுப்போரை உங்கள் சட்டங்களே விரும்புவதில்லை என்ற கருத்துப்பட விடையளித்துக் குருபிஸ் என்னும் ஊருக்கு நாடுகடத்தப்பட்டார்.

அடுத்த ஆண்டு மீண்டும் தலைமறைவானார். முதல் தலைமறைவு பற்றிய பேச்சு எட்டாண்டுகளாக ஓயாத நிலையில் இது எவ்வாறு கொள்ளப்படும் என்பதை அவர் உணர்ந்தே இருந்தார். குருக்களுக்கும் மக்களுக்கும் எழுதிய கடைசி மடல் (81) காரணத்தை நேராகக் கூறுகிறது. ஊட்டிக்கா நகரிலிருந்த ஆளுநரிடம் தம்மை அழைத்துச் செல்ல ஆள் அனுப்பப்பட்டதை அறிந்து அவர் மறைந்தார். ஓர் ஆயர் தம் மக்கள் வாழும் நகரில்தான் சான்று பகர வேண்டும். ஆகவே ஆளுநர் கார்த்தேஜுக்குத் திரும்பும்வரையே இந்த மறைவு. யாரும் கலகம் செய்யவோ தாமாகச் சென்று தம்மை ஒப்படைக்கவோ வேண்டா என்றும், எஞ்சியவற்றை நேரில் ஒழுங்குசெய்வதாகவும் அம்மடலில் எழுதினார். ஆளுநர் திரும்பியபின் 258 செப்டம்பர் 14-இல் கார்த்தேஜில், தம் மக்கள் சூழ்ந்து நிற்க, அவர் தலை வெட்டப்பட்டது.